மணமகள் அறையில் நோயாளி

டிசம்பர் 17, செவ்வாய்

இந்த டைரி ஓசியில் வந்தது. அட்டையில், பயிற்சி நடத்தும் அறக்கட்டளையின் பெயர். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ஒரு பூ, பூவுக்குக் கீழே ‘இன்று புன்னகைத்தீர்களா?’ என்று ஒரு கேள்வி. காலங்காத்தாலே இதைப் பார்த்தால் புன்னகையா வரும்? குமட்டல்தான் வருகிறது. தாள் வீணாகப் போகிறதே என்றுதான் எழுதுகிறேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, நாடகமும் கிடையாது; எங்களுக்குப் பங்குனித் திருவிழாதான் சீசன். அதனால் திருச்சிக்கு வெளியே சும்மா கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, மனநல ஆலோசகர்களாகப் போகிறவர்களுக்குப் பயிற்சி நடத்துகிறார்கள். நிஜ நோயாளியை வைத்துப் பழக முடியாதாம். அதனால் நோயாளியாக நடிக்க, புதுக்கோட்டை நாடகக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஒருவன் நான், பபூன் ரெத்தினவேலு. மேடையில் விழுந்து புரண்டு ஊரைச் சிரிக்க வைத்தே தலை நரைத்தவன். இன்னொருத்தி ஸ்திரீபார்ட் சொர்ணவல்லி. புருஷனைப் பறிகொடுப்பது, பிள்ளையைப் பறிகொடுப்பது, சுடுகாட்டில் புலம்புவது எல்லாம் அவள் இலாகா.

எனக்கு மணமகன் அறை, அவளுக்கு மணமகள் அறை. அங்கேயேதான் பயிற்சி, அங்கேயேதான் படுக்கை. என் அறைச் சுவரில் எவனோ கை துடைத்த சந்தனம் காய்ந்து கிடக்கிறது. குளியலறை வடிகாலில் ஏதோ ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் தலைமுடி. சீ, கர்மம்.

டிசம்பர் 18, புதன்

ஏற்பாடு இதுதான். எங்களுக்கு ஆளுக்கொரு அட்டை. வயது, தொழில், என்ன கஷ்டம் என்று அதில் இருக்கும். நாங்கள் அந்த ஆளாக உட்கார வேண்டும். பயிற்சிக்கு வந்த பிள்ளை எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். டாக்டர் மீனலோசனி மார்க் போடுவார். மணி அடித்தால் முடிந்தது.

என் அட்டை: வங்கிக் காவலாளி, பெண்டாட்டி செத்துவிட்டாள், தூக்கமில்லை, வாழ்க்கை வெறுத்துவிட்டது. என்னடா, பெண்டாட்டி உயிரோடு இருப்பவனுக்கும் இதெல்லாம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்தேன்.

முதலில் வந்த பெண், நான் வாயைத் திறக்கும் முன்பே, “உங்கள் உணர்வுகளை நான் மதிக்கிறேன்” என்றது. எந்த உணர்வை அம்மா? இரண்டாவது வந்தவன் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னான். மூன்றாவது ஆள் சகாயராஜ் என்று ஒருவன். உள்ளங்கை இரண்டும் வியர்த்து ஒழுகுகிறது. வாயில் முறுக்கு வாசம். கேள்வியே கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குக் கூசிப்போய்விட்டது. அவனுக்குத்தான் குறைந்த மார்க். நல்லா வேணும்.

மத்தியானம் டாக்டரம்மா பாடம் எடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் பாதிப் பேர் தூங்கினார்கள், நானும்தான். என்னென்ன அறிகுறி என்று ஒரு பட்டியல். தூக்கம் போகும், ருசி போகும், ஆசையாக வைத்திருந்ததை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், எதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். எரிச்சல் வராதவன் இந்த நாட்டில் எவன் இருக்கிறான்?

ஒன்று மட்டும் காதில் விழுந்தது. டாக்டரம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். “‘சாகணும்னு தோணுதா?’ன்னு நேராக் கேக்கணும். சுத்தி வளைக்கக் கூடாது. கேக்குறதால யாருக்கும் புதுசா அந்த எண்ணம் வந்துடாது. கேக்காம விடுறதுலதான் ஆபத்து இருக்கு.”

எல்லாரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் எவனும் கேட்கவில்லை. ஒருவன், “தப்பான முடிவு எதுவும் எடுக்க மாட்டீங்கதானே சார்?” என்றான். கேட்கவில்லை அவன், ‘இல்லை’ என்று சொல்லித் தொலை என்று கெஞ்சுகிறான். பயந்தாங்கொள்ளிகள். ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லாதவன் என்ன ஆலோசகன்?

டிசம்பர் 19, வியாழன்

உப்புமா. மறுபடியும் உப்புமா. வாயில் வைக்க முடியவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

சாயங்காலம் சொர்ணா என் அறைக்கு வந்து ஒரு நீலகிரித் தைலப் புட்டியை நீட்டினாள்.

“இந்தா பபூனு, நீ வச்சுக்க. எனக்கு இனி வேணாம்.”

இந்தப் புட்டிக்கு ஒரு கதை உண்டு. ஊருக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். சொர்ணாவுக்கு அழ வராது. எவ்வளவு பெரிய புலம்பல் பாட்டாக இருந்தாலும் கண்ணில் ஒரு சொட்டு வராது. திரைக்குப் பின்னால் நின்று கண்ணுக்குக் கீழே இந்தத் தைலத்தை இழுத்துவிட்டுக்கொண்டுதான் மேடைக்குப் போவாள். எதிரே பொம்பளைகள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். இவள் உள்ளே வந்து மூக்கைச் சிந்திவிட்டு, “டீ வந்துருச்சாய்யா?” என்பாள். தைலம் இல்லாமல் அவளை மேடை ஏற்ற முடியாது. ஒருமுறை மணப்பாறைப் பக்கம் புட்டியை மறந்துவிட்டு வந்து, நாடகத்தையே நிறுத்தி வைத்துக் கடைக்கு ஆள் அனுப்பினாள்.

“ஏன், கண்ணுல கிணறு தோண்டிக்கிட்டியா? தானா ஊறுதா?” என்று கேட்டேன். சிரித்தாள். ஐப்பசியிலிருந்தே அவளுக்குத் தொண்டை கட்டிக் கிடக்கிறது. சிரிப்புக்கூடக் கரகரவென்றுதான் வருகிறது. சளி. போன வாரம் அவள் மேடை நகை செட்டைப் புதிதாக வந்த பெண்ணிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று நடிகர் சங்கத்தில் பேச்சு. கிறுக்கு பிடித்தவள். அந்த நகையை என்னைத் தொடக்கூட விடமாட்டாள்.

எனக்கும் சளி பிடிக்கிற மாதிரி இருந்தது. புட்டியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 21, சனி

பாத்ரூமில் இன்னும் அந்த முடி கிடக்கிறது. சொன்னால் எவனும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

இன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

சொர்ணாவின் அட்டை: தையல்காரி, புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், தூக்கமில்லை, பசியில்லை. அவ்வளவுதான். எதிரே அந்த முறுக்கு சகாயராஜ். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாக்கியம் அட்டையில் உள்ளதைப் பேசினாள். அப்புறம் சொந்தமாக ஆரம்பித்துவிட்டாள்.

“எனக்குக் கை வர மாட்டேங்குது தம்பி. மிசின்ல உக்காந்தா கை நடுங்குது. டாக்டரு பாத்துட்டு, ஆபரேசன் பண்ணாலும் பழையபடி வருமான்னு சொல்ல முடியாதுங்குறாரு. பங்குனிக்குத் துணி குடுக்குறவங்க எல்லாரும் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. எங்கிட்ட யாரும் சொல்லலை. நான் போயி நின்னப்பதான் தெரிஞ்சுச்சு. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். இது போனதுக்கப்புறம் நான் எதுக்கு? வீட்டுக்குப் போனா செவுரு இருக்கு, நான் இருக்கேன். காலையில முழிச்சதும், ஐயோ முழிச்சிட்டமேன்னு இருக்கு.”

பங்குனிக்கு எவள் துணி தைக்கிறாள்? தீபாவளிக்கு என்று சொல்ல வேண்டியதுதானே. நடிப்பில் ஒரு நியாயம் வேண்டாமா?

அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். மூக்கு ஒழுக, முகம் கோணி, பார்க்கவே சகிக்கவில்லை. மேடையில் அவள் அழுகை அழகாக இருக்கும், விளக்கு வெளிச்சம் பட்டுக் கன்னத்தில் கோடு கோடாக மின்னும். இது அசிங்கமாக இருந்தது. சகாயராஜ் மடையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மணி அடித்ததுகூட அவன் காதில் விழவில்லை. டாக்டரம்மா இரண்டாம் முறை அடித்தார். அப்புறம் மண்டபம் அதிரக் கைதட்டல். ஒரு பெண் ஓடிப்போய் அவளோடு செல்ஃபி எடுத்தது. “என்ன ஒரு இயல்பான நடிப்பு!” என்றார் டாக்டரம்மா. சகாயராஜுக்கு மறுபடியும் மார்க் இல்லை. படிப்படியாகப் போகவில்லையாம்.

எனக்கு ஒரு நாளாவது கைதட்டினார்களா? நேராக டாக்டரம்மாவிடம் போனேன். “அம்மா, அட்டையில இல்லாததைப் பேசுனா பிள்ளைங்க குழம்பிப் போயிடும்ல? ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் பேசுனா இது பயிற்சியா, பட்டிமன்றமா?” என்று கேட்டேன். அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. சொர்ணாவைக் கூப்பிட்டு, அட்டையை விட்டு வெளியே போக வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார்.

“சரிங்கம்மா. இனி பேச மாட்டேன்” என்றாள் சொர்ணா.

டிசம்பர் 24, செவ்வாய்

சொர்ணா இன்று அட்டையில் உள்ளதை மட்டும் பேசினாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படி வா வழிக்கு.

டீ நேரத்தில் அந்தச் சகாயராஜ் என்னை ஒட்டி வந்து நின்றான். இன்றைக்கும் முறுக்கு.

“அண்ணே, அந்தக்கா நல்லா இருக்காங்களாண்ணே?”

“ஏன், அவளுக்கு என்ன?”

“இல்லண்ணே. நேத்து மணி அடிச்சப்புறமும் அவங்க கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நான் டாக்டர்கிட்ட சொன்னேன். நல்ல ஆர்ட்டிஸ்ட்டுங்க அந்தக் கேரக்டர்லேருந்து வெளிய வர நேரம் ஆகும்னாங்க.”

“தம்பி, நீ எத்தனை நாடகம் பாத்துருக்க? நாங்க எத்தனை பொணத்து மேல விழுந்து அழுதுட்டு எந்திரிச்சு வந்து பிரியாணி தின்னுருக்கோம் தெரியுமா? போ, போயிக் கையைத் தொடை முதல்ல.”

போய்விட்டான். இவனெல்லாம் எனக்கு நடிப்பு சொல்லிக்கொடுக்கிறான். நாளைக்குக் கிறிஸ்துமஸ், லீவு. ஊருக்குப் போகிறானாம். நிம்மதி.

டிசம்பர் 25, புதன்

களைத்து ஓய்ந்துவிட்டேன். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. போனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெண்டாட்டி, மகள் பிரசவத்துக்கென்று கோயம்புத்தூர் போனவள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதை விடு. சொர்ணாவும் போகவில்லை. டாக்டரம்மா ஆபீஸ் அறையில் மார்க் கூட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மூக்கு அடைத்துக்கொண்டது. பைக்குள் கையை விட்டுத் தைலத்தை எடுத்தேன். மூடியைத் திருகினேன். வாசம் மூக்கில் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன்.

இது என்னிடம் வந்தது வெள்ளிக்கிழமை. அவள் அழுதது திங்கட்கிழமை.

மணமகள் அறைக்கு ஓடினேன். ஆள் இல்லை. எனக்கு உயிரே இல்லை. மாடி, கிணற்றடி என்று தேடிவிட்டுக் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தேன். நீள நீளமாகக் காலி மேசைகள். கோடியில் ஒரு மேசையில், முன்னால் ஒன்றும் இல்லாமல், பந்திக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

இந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே வாய் கூசுகிறது. இல்லாத இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, “ஏ பரிமாறுறவனே, இந்தம்மாவுக்கு ரெண்டு அப்பளம் வையி” என்று குரல் கொடுத்தேன். சிரித்தாள். சிரித்துவிட்டாள், சரி, ஒன்றுமில்லை, எழுந்து போய்விடலாம் என்று கால் பரபரத்தது. த்தூ. என் பிழைப்பே இதுதானே. எவன் வீட்டில் இழவு விழுந்தாலும் ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லை என்று அந்தப் பிள்ளைகளைக் காறித் துப்பினேனே, எனக்கு மட்டும் என்ன துப்பு இருந்தது?

புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“சொர்ணா. தைலம் எங்கிட்ட இருக்கு.”

அவள் புட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“அன்னைக்கு நீ சொன்னது கை இல்ல, தொண்டைதானே?”

புட்டியின் மூடியை இறுக்கித் திருகினாள்.

“சாகணும்னு தோணுதா உனக்கு?”

வெளியே ஏதோ தேவாலயத்தில் பாட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது.

“ஆமா” என்றாள்.

அப்புறம், “நீ கேட்டுட்டியேயா” என்றாள். “அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னேன் பபூனு. கை தட்டுனாங்க. சரி, நாம சொன்னாலும் இதுதான் போலன்னு நினைச்சுக்கிட்டேன். நீயும் பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துவிட்டுப் போய்க் கோள்மூட்டி, அவள் வாயையும் அடைத்துவிட்டு வந்தேன். அதை அவளிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள்.

தனியாக விடக் கூடாது, கூடவே இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் பாடத்தில் சொன்னது அரைத்தூக்கத்தில் எப்படியோ காதில் ஏறியிருந்தது. கையைப் பிடித்து எழுப்பினேன். “வா, டாக்டரம்மாகிட்டப் போவோம்.” கூடவே வந்தாள்.

“டாக்டரம்மா, இவளுக்குச் சாகணும்னு தோணுதாம்” என்றேன்.

அவர் கணக்கிலிருந்து நிமிர்ந்து சிரித்தார். “லீவு நாள்லயும் ரிகர்சலா? நல்லாருக்கு சார். ஆனா சொர்ணாம்மா கார்டுல அது இல்லையே. நாளைக்குப் புது கார்டு தர்றேன்.”

அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? நானே அப்படித்தானே பார்த்தேன்.

“நடிப்பு இல்லம்மா” என்றேன். பபூன் சொல்வதை யார் நம்புவார்கள்? அவர் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார். புட்டியை அவர் மேசைமேல், மார்க் தாளுக்கு மேலேயே வைத்தேன். “இவளுக்கு அழ வராது. இதைத் தடவுனாத்தான் கண்ணுல தண்ணி வரும். திங்கக்கெழமை இது எம் பையில இருந்துச்சு.”

டாக்டரம்மா புட்டியைப் பார்த்தார். சொர்ணாவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. எழுந்து வந்து, கீழே, சொர்ணாவின் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டார். எந்த அட்டையும் இல்லாமல், எந்த மணியும் இல்லாமல், “சொல்லுங்கம்மா” என்றார்.

டிசம்பர் 26, வியாழன்

டாக்டரம்மாவே காரில் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். விராலிமலையிலிருந்து சொர்ணாவின் தங்கை வந்து கூட இருக்கிறாள். தொண்டைக்கும் நல்ல இடத்தில் காட்டுவதாகப் பேசியிருக்கிறார்கள். மருந்து கேட்கக் கொஞ்ச நாள் பிடிக்குமாம்.

சாயங்காலம் டாக்டரம்மா எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொன்னார். பெயர் எதற்கு, எல்லாருக்கும் தெரியும். “நான் மார்க் போட்டுக்கிட்டிருந்தேன்” என்றார். செல்ஃபி எடுத்த பெண் தலையைக் குனிந்துகொண்டது. இனிமேல் நடிக்க வருகிறவர்களிடம், நடிப்பதற்கு முன்னும் பின்னும், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தனியாகக் கேட்கப் போகிறார்களாம். இது இப்போதுதான் தோன்றுகிறது இவர்களுக்கு.

சகாயராஜ் ஊரிலிருந்து கேக் கொண்டுவந்து எனக்கு ஒரு துண்டு நீட்டினான். கை ஈரம்தான். வாங்கித் தின்றேன்.

டிசம்பர் 27, வெள்ளி

கடைசி நாள். எனக்கு அதே காவலாளி அட்டை. எதிரே முதல் நாள் வந்து என் உணர்வுகளை மதித்த பெண். இன்றைக்கு மதிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசவிட்டுவிட்டு, நேராக என் கண்ணைப் பார்த்து, “சாகணும்னு தோணுதா உங்களுக்கு?” என்றது.

‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. குரல் வரவில்லை. மணி அடித்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தொண்டையில் சளி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். டாக்டரம்மா பின்னாலேயே வந்தார். “ஊருக்கு பஸ் இருக்கு” என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டேன். போன் நம்பரைச் சீட்டில் எழுதி என் சட்டைப்பையில் அவரே வைத்தார்.

போவதற்கு முன்னால் அந்த முடியை நானே ஒரு குச்சியால் எடுத்து வெளியே எறிந்தேன்.

ஜனவரி 2, வியாழன்

புதுக்கோட்டை. சொர்ணா வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் போன் பண்ணிக் கேட்கிறேன், அதே கேள்வியை. அவள்தான் கேட்கச் சொன்னாள். இன்றைக்கு, “கொஞ்சம்” என்றாள். தங்கையைக் கூப்பிட்டு டாக்டரம்மாவுக்குப் பேசச் சொன்னேன்.

ஜனவரி 4, சனி

கேட்டேன். “இன்னைக்கு இல்ல” என்றாள். டீ குடித்தாளாம்.

ஜனவரி 7, செவ்வாய்

கேட்டேன். “இல்லய்யா, நாளைக்குக் கேளு” என்றாள். எனக்கு மூன்று நாளாகச் சமைக்கப் பிடிக்கவில்லை. வீடெல்லாம் பாத்திரம் நாறுகிறது.

ஜனவரி 10, வெள்ளி

இன்று நான் கூப்பிடவில்லை. எழுந்திருக்கவே தோன்றவில்லை. உச்சிப்பொழுதுக்கு மேல் அவளே கூப்பிட்டாள். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருக்கிறது.

“என்ன பபூனு, இன்னைக்கு எங்கிட்டக் கேக்கலை?”

“மறந்துட்டேன்.”

“எனக்கு இன்னைக்கு இல்ல. சரி, நான் ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“எதைப் பாத்தாலும் சீ சீங்குற. திங்க மாட்டேங்குற. பொண்டாட்டி போயி எத்தனை வருசமாச்சுன்னு எவனும் கேக்கக் கூடாதுன்னு ஆட்டம் போடுற. உனக்குத் தோணுதாய்யா?”

“போடி கிறுக்கி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ரொம்ப நேரம் அப்படியே படுத்துக்கிடந்தேன். பாத்திர நாற்றம் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் நானே திருப்பிக் கூப்பிட்டேன்.